புனர்வாழ்வா, இயலச்செய்தலா?

‘றீஹபிலிற்றேற்’ என்பதை நாம் ‘புனர்வாழ்வளித்தல்’ என்கிறோம். முன்னொட்டு நீங்கிய ‘ஹபிலிற்றேற்’ அரிதான வினைச்சொல். தகுதியைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. அமெரிக்க மருத்துவக் காப்புறுதியில் முன்னையது இழந்த ஆற்றலை மீட்டல். பின்னையது முன்பு பெற்றிராத ஆற்றலைப் பெறச்செய்தல். அந்நாட்டின் மேற்குப் பகுதியில் இதற்கு இன்னொரு பொருளும் வழங்கியது: சுரங்கம் நடத்தப் பணமும் கருவியும் கொடுத்தல். சன் ஹொசேக்கு அருகில் நியூ அல்மடனில் 1845இல் கஸ்தியேரோ பாதரசத் தாதுவை இனங்கண்டார். அதை அகழப் பரன்-ஃபோர்ப்ஸ் நிறுவனத்தின் முதல் வேண்டியிருந்தது.

2009இல் போர் முடிந்தபின் இலங்கை அரசு, தடுத்துவைத்த முன்னாள் போராளிகளைப் ‘புனர்வாழ்வு’க்கு அனுப்பியது. அச்சொல் குறையை மனிதரிடம் காண்கிறது. சுரங்கச் சொல்லோ கையில் கருவி இல்லாமையில் காண்கிறது. விரிவுரை மண்டபத்திலிருந்து தொழிற்சாலைக்கு வந்த நான் கற்றது எதையும் இழந்துவிடவில்லை. எம்மவர்க்கு வேண்டியது திருத்தமன்று, இயலச்செய்தலே.