படம் வந்தால் போதுமா? ஒலியும் வர வேண்டாமா?

கிள்ளானில் ஒரு வரிசை வீடு. தமிழ்நாட்டில் நடக்கும் உறவுக்காரப் பையனின் திருமணத்தை இணைய நேரலையில் பார்ப்பதற்காகக் குடும்பமே வரவேற்பறையில் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேரன் தன் மடிக்கணினியைக் கொண்டு வந்து தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கிறான். பெரிய திரையில் மணவறை பளிச்சென்று தெரிகிறது. நாதஸ்வரக்காரர் கன்னம் புடைக்க ஊதுகிறார். ஓசை மட்டும் பெட்டியிலிருந்து வரவில்லை. மூலையில் கிடக்கும் மடிக்கணினியிலிருந்து கொசு பாடுவதுபோல் கேட்கிறது. மின்விசிறிச் சத்தத்தில் அதுவும் அமுங்கிப் போகிறது.

"என்னப்பா, கெட்டிமேளமே கேட்கலையே?" என்கிறார் பாட்டி.

"படம்தான் தெரியுதே பாட்டி, பாருங்க" என்கிறான் பேரன்.

அதற்குள் தாலி கட்டி முடிந்து விடுகிறது.

இத்தகைய நேரத்தில் பலர் செய்வது என்ன? கேபிள் பழுது என்று புதுக் கேபிள் வாங்குகிறார்கள். பெட்டி பழசாகிவிட்டது என்று புதுப் பெட்டிக்கு விலை கேட்கிறார்கள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான் இது. பெரும்பாலான வீடுகளில் இதற்கு ஒரு காசும் செலவில்லை. ஒரே ஓர் உண்மையைப் புரிந்துகொண்டால் போதும்: கணினியைப் பொறுத்தவரை படம் போகும் பாதை வேறு, ஒலி போகும் பாதை வேறு. படம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்காக ஒலியும் கூடவே போயிருக்கும் என்று நினைக்கக் கூடாது.

மூன்று நிறக் கம்பிகள் சொன்ன பாடம்

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28ஆம் தேதி தொடங்கியது. அன்றிலிருந்து வீட்டுக்கு வந்த அலைவரிசையில் படமும் ஒலியும் சேர்ந்தே வந்தன. அதனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் ஏற்படவில்லை. பிறகு வீடியோ பெட்டி வந்தபோது மூன்று நிற முனைகள் கொண்ட கம்பி கூடவே வந்தது. மஞ்சள் படத்திற்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு, சிவப்பு வலப்பக்க ஒலிக்கு. மஞ்சளை மட்டும் செருகினால் ஊமைப்படம்தான். இந்தப் பாடத்தை அன்றைய தலைமுறை நன்றாகவே கற்றிருந்தது.

கணினியிலும் இதே கதைதான். 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் வி.ஜி.ஏ. என்ற இணைப்பை அறிமுகப்படுத்தியது. மூன்று வரிசைகளில் பதினைந்து ஊசிகள், இருபுறமும் திருகாணிகள். பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். அந்தப் பதினைந்து ஊசிகளில் ஒன்றுகூட ஒலிக்கு இல்லை. எனவே, எவ்வளவு விலை உயர்ந்த வி.ஜி.ஏ. கேபிளை வாங்கி மாட்டினாலும் அதன் வழியாகச் சத்தம் வரவே வராது. 1999இல் வந்த டி.வி.ஐ. என்ற வெள்ளை முனை இணைப்பும் அடிப்படையில் படத்திற்காக உருவானதே.

பழைய கணினி வைத்திருப்பவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. காதொலிக் கருவியைச் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளை கணினியில் இருக்கும். மேசைக் கணினியில் அது வழக்கமாகப் பச்சை நிறத்தில் இருக்கும். அங்கிருந்து ஒரு தனிக் கம்பியைத் தொலைக்காட்சிக்கு இழுக்க வேண்டும். பெட்டியின் பின்புறம் அதே அளவுத் துளை இருந்தால் இரு முனையும் ஒரே மாதிரியான கம்பி போதும். சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருந்தால் ஒரு முனை மூன்றரை மில்லிமீட்டரும் மறு முனை சிவப்பு, வெள்ளையுமாகப் பிரியும் கம்பி வேண்டும். கோலாலம்பூரில் ஜாலான் பாசார் மின்னணுப் பொருள் கடைகளிலோ லோயாட் பிளாசாவிலோ கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பல பெட்டிகளில் ஒவ்வோர் ஒலித் துளையும் ஒரு குறிப்பிட்ட பட வாயிலோடு சேர்ந்தே வேலை செய்யும். கணினிப் படத்திற்கென்று இருக்கும் ஒலித் துளையை விட்டு, வீடியோ பெட்டிக்கான துளையில் செருகினால் சத்தம் வராது. துளையின் அருகே எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செருகுவது நல்லது.

ஒரே கம்பியில் இரண்டும். ஆனாலும் ஏன் ஊமை?

2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ. தரம் வெளியானது. பத்தொன்பது ஊசிகள் கொண்ட இந்தச் சிறிய முனையில் படம், ஒலி இரண்டுமே போகும். இன்றைய பெட்டிகளிலும் மடிக்கணினிகளிலும் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. அப்படியானால் பேரனின் கணினி ஏன் ஊமையாக நின்றது?

எச்.டி.எம்.ஐ. கம்பியைச் செருகியவுடன், கணினி அந்தத் தொலைக்காட்சியை இன்னோர் ஒலிபெருக்கியாகத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. இப்போது அதன் முன் இரண்டு வாசல்கள்: ஒன்று தன்னுடைய சொந்த ஒலிபெருக்கி, மற்றொன்று தொலைக்காட்சி. வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு வாசல் வழியாகத்தான் ஒலியை அனுப்பும். சில கணினிகள் தாமாகவே தொலைக்காட்சிக்கு மாறிவிடும். சில கணினிகள் பழைய வாசலையே பிடித்துக்கொண்டிருக்கும். மாற்றிவிட வேண்டியது நம் கைவேலை.

விண்டோஸ் கணினியில் திரையின் வலது கீழ் மூலையில் ஒலிபெருக்கிப் படம் இருக்கும். அதைச் சொடுக்கினால் ஒலி அளவுக் கோடு தோன்றும். விண்டோஸ் 10இல் அதன் மேல் உள்ள அம்புக்குறியையும், விண்டோஸ் 11இல் கோட்டின் பக்கத்தில் உள்ள குறியையும் சொடுக்கினால் பட்டியல் விரியும். அதில் தொலைக்காட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது வேலை. ஆப்பிள் மெக் கணினியில் அமைப்புகளுக்குள் 'சவுண்ட்' பகுதியில் 'அவுட்புட்' என்ற இடத்தில் இதே தேர்வு இருக்கிறது. மெக்கில் எச்.டி.எம்.ஐ. வழியாக ஒலி போகும்போது விசைப்பலகையில் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாமல் போகலாம். அது கோளாறு இல்லை. தொலைக்காட்சி ரிமோட்டைக் கையில் எடுத்தால் போதும்.

பட்டியலில் தொலைக்காட்சியின் பெயரே இல்லையா? பெட்டியைத் திறந்து, ரிமோட்டில் சரியான எச்.டி.எம்.ஐ. எண்ணுக்கு மாற்றிவிட்டு, கம்பியைக் கழற்றி மீண்டும் செருகிப் பாருங்கள். பிறகு விண்டோஸ் விசையோடு 'பி' எழுத்தை அழுத்தி, இரு திரையிலும் படம் வரும்படி மாற்றுங்கள். படம் கணினித் திரைக்கு மட்டும் என்று இருந்தால் தொலைக்காட்சி ஒலிப் பட்டியலிலிருந்தும் மறைந்துவிடும்.

வகுப்பறை வீட்டுக்கு வந்த நாள்கள்

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, இந்தச் சின்ன விஷயம் பெரிய விஷயமானது. பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தது. 2021 பிப்ரவரி 17ஆம் தேதி கல்வியமைச்சின் 'டிடிக் டிவி' அலைவரிசை தொடங்கப்பட்டாலும், ஆசிரியரோடு நேருக்கு நேர் பேசும் வகுப்பு கணினியிலும் கைப்பேசியிலும்தான் நடந்தது. அதே ஆண்டு தைப்பூசத்திற்குப் பத்துமலையில் பக்தர்கள் திரள முடியாமல் போனதால், பலர் வீட்டில் இருந்தபடியே நேரலையில் தரிசனம் செய்தனர். பிள்ளைகளின் பாடத்திற்கும் பெரியவர்களின் தரிசனத்திற்கும் பெரிய திரை உதவியது. ஒலி வராத வீடுகளில் அந்தத் திரையும் பாதிப் பயனே தந்தது.

இணைய வகுப்பில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. சூம், டீம்ஸ் போன்ற செயலிகள் தங்களுக்கென்று தனியாக ஓர் ஒலிபெருக்கித் தேர்வை வைத்திருக்கின்றன. கணினியில் தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுத்தாலும், செயலி பழைய ஒலிபெருக்கியையே பிடித்துக்கொண்டிருக்கலாம். பாட்டு கேட்கிறது, ஆசிரியர் குரல் கேட்கவில்லை என்றால் காரணம் இதுதான். செயலியின் அமைப்பிலும் தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒலிவாங்கி மட்டும் மடிக்கணினியிலேயே இருக்கட்டும். அதைத் தொலைக்காட்சியின் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே வைத்தால் ஆசிரியரின் குரல் அவருக்கே எதிரொலியாகத் திரும்பிப் போகும்.

ஒலியே திரையாக இருப்பவர்களுக்கு

காதில் விழாத ஒலி சிலருக்குச் சிறு எரிச்சல். வேறு சிலருக்கு அதுவே உலகம் இருண்டு போவதற்குச் சமம். 1951இல் அமைக்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. பார்வையற்றோர் பலர் வெண்கோலுடன் நடமாடும் வட்டாரம் அது. பார்வையற்ற ஒருவர் கணினியைப் பயன்படுத்துவது திரைவாசிப்பு மென்பொருளின் துணையோடுதான். திரையில் உள்ள எழுத்துகளை அது வாய்விட்டுப் படிக்கிறது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' என்ற இலவச மென்பொருள் தமிழையும் படிக்கும்.

அப்படிப்பட்ட ஒருவரின் கணினியில், வீட்டுப் பிள்ளை படம் பார்ப்பதற்காக எச்.டி.எம்.ஐ. கம்பியைச் செருகிவிட்டுப் போனால் என்ன ஆகும்? ஒலி தானாகத் தொலைக்காட்சிக்கு மாறிவிடலாம். பெட்டியில் சத்தம் குறைத்து வைக்கப்பட்டிருந்தால் கணினி வாயடைத்துப் போகும். என்ன கோளாறு என்று கணினியிடமே கேட்டறியவும் வழியில்லை. ஏனெனில், பதில் சொல்ல வேண்டிய குரலே காணாமல் போய்விட்டது.

இதற்கு எளிய மருந்து, கம்பியை உருவிவிடுவது. ஒலி பெரும்பாலும் கணினியின் சொந்த ஒலிபெருக்கிக்குத் திரும்பிவிடும். நிலையான மருந்தும் உண்டு. திரைவாசிப்புக் குரல் எந்த ஒலிபெருக்கியில் வர வேண்டும் என்பதை என்.வி.டி.ஏ. அமைப்பிலேயே தனியாகக் குறிப்பிட்டு வைக்கலாம். குரல் மடிக்கணினியிலேயே இருக்கும், படத்தின் ஒலி தொலைக்காட்சிக்குப் போகும். விண்டோஸ் 11இல் விண்டோஸ், கண்ட்ரோல், 'வி' மூன்றையும் சேர்த்து அழுத்தினால், சுட்டியைத் தொடாமலே ஒலி வாசல்களின் பட்டியல் திறக்கும். பிறர் கணினியில் கம்பி மாட்டுகிறவர்கள், எழுந்து போகுமுன் ஒலியைப் பழைய இடத்தில் விட்டுச் செல்வது பெரிய உதவி.

உறுமலும் இடியும்

தனிக் கம்பி வழியாக ஒலி வரும் வீடுகளில் சில வேளைகளில் 'உம்ம்ம்' என்று ஓர் உறுமல் கேட்கும். மலேசிய மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி மாறி ஓடுவதால் எழும் ஓசை அது. மடிக்கணினியின் மின்னேற்றியைச் சற்று நேரம் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால், இரு கருவிகளும் வெவ்வேறு வழியில் நிலத்தோடு இணைந்திருப்பதே காரணம். இரண்டையும் ஒரே சுவிட்ச் பலகையில் செருகிப் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால், ஒலிக் கம்பியின் நடுவே மாட்டும் சிறிய தனிப்படுத்தும் கருவி கடைகளில் கிடைக்கிறது. உறுமலை நிறுத்துகிறேன் என்று மூன்று முனை பிளக்கின் நில இணைப்பைத் துண்டிப்பவர்களும் உண்டு. அதை ஒருபோதும் செய்யக் கூடாது. அந்த நில இணைப்புதான் உயிரைக் காக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் இடி மின்னல் மிகுந்த வட்டாரங்களில் ஒன்று. கூரையில் உள்ள தட்டிலிருந்தோ ஏரியலிலிருந்தோ வரும் கம்பி தொலைக்காட்சியைத் தொடுகிறது. தொலைக்காட்சியை எச்.டி.எம்.ஐ. வழியாகக் கணினி தொடுகிறது. மின்னல் தாக்கினால் இந்தச் சங்கிலி வழியே கணினியும் சேர்ந்து பழுதாகலாம். மழை இருட்டும்போதே, இடி தொடங்குமுன் மின்சாரப் பிளக்கையும் தட்டுக் கம்பியையும் எச்.டி.எம்.ஐ. கம்பியையும் கழற்றி வைப்பது புத்திசாலித்தனம்.

வரிசையாகப் பார்த்தால் வழி தெரியும்

ஒலி வரவில்லை என்றால் தொலைக்காட்சி முனையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். முதலில், ரிமோட்டில் சத்தம் கூட்டியிருக்கிறதா, பெட்டியின் ஒலி வேறு கருவிக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, பெட்டியின் வாயில் சரியா? மூன்றாவது, மாட்டிய கம்பி ஒலியைச் சுமக்கும் கம்பிதானா? நான்காவது, கணினியில் தேர்ந்தெடுத்த ஒலிபெருக்கி எது? ஐந்தாவது, செயலியில் தேர்ந்தெடுத்தது எது? இந்த ஐந்தையும் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். இவற்றைப் பார்த்து முடிக்கும் வரை பணப்பையைத் திறக்க வேண்டாம்.

நேரலை தொடங்கிய பிறகு கம்பியைத் தேடுவதைவிட, அரை மணி நேரம் முன்னதாக ஒரு பாட்டைப் போட்டுச் சோதித்துப் பார்ப்பது மேல். பாட்டி கேட்டது பெரிய வரம் ஒன்றுமில்லை. தாலி ஏறும் நேரத்தில் கெட்டிமேளம் காதில் விழ வேண்டும் என்பதுதான். ஒலிபெருக்கிப் படத்தை ஒருமுறை சொடுக்கியிருந்தால் பேரனால் அதைக் கொடுத்திருக்க முடியும்.