வயிற்றுக்குள்ளும் ஓர் இடப்பெயர்வு

இடம்பெயர்ந்தவர்கள் எதை இழந்தார்கள் என்று கேட்டால் காணி, வீடு, கால்நடை, விதைநெல் என்று நாம் கணக்குச் சொல்வோம். கண்ணுக்குத் தெரியாத இன்னுமோர் இழப்பும் உண்டு. அது வயிற்றுக்குள் நிகழ்வது.

எமது பெருங்குடலில் கோடானுகோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன. இவை யாவும் நோய்க்கிருமிகள் அல்ல. கீரை, பயறு, தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றிலுள்ள நார்ப்பொருளை எமது உடலால் தானாகச் செரிக்க முடியாது. அதை உண்டு வாழ்பவை இந்தப் பற்றீரியாக்களே. அப்போது உண்டாகும் சில கொழுப்பமிலங்கள் குடற்சுவரைப் போஷிக்கின்றன. பசியையும் இரத்தத்திலுள்ள சீனியின் அளவையும் கட்டுப்படுத்தும் ஓமோன்களைத் தூண்டுகின்றன. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் குப்பையை உக்கச் செய்து பயிருக்கு ஊட்டுவதை அறிந்த விவசாயிக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று.

1975 இன் பின் லாவோசிலிருந்து வெளியேறிய மொங் மக்களும், மியன்மாரிலிருந்து தப்பிவந்த கரேன் மக்களும் தாய்லாந்து முகாம்களில் நெடுங்காலம் தங்கினர். அவர்களுட் பலர் பின்னர் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் குடியேறினர். அங்கு அவர்களிடையே உடற்பருமன் அதிகரித்தது. மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 2018 இல் முடிவுகளை வெளியிட்டனர். தாய்லாந்தில் வாழ்வோர், அமெரிக்காவுக்கு வந்தோர், அங்கே பிறந்தோர் என 500 இற்கும் மேற்பட்ட பெண்கள் அதிற் பங்குபற்றினர்.

வந்து ஓராண்டு நிறையுமுன்னரே குடற் பற்றீரியாக்கள் மாறத் தொடங்கியிருந்தன. நாரை உடைக்கும் இனங்கள் அருகின. ஆண்டுகள் செல்லச் செல்ல இழப்புக் கூடியது. அங்கே பிறந்தோரிடம் இன்னும் கூடுதலாக இருந்தது. பருமனானவர்களிடம் அது மேலும் மிகுந்து காணப்பட்டது.

பற்றீரியா குறைந்ததால் உடல் பருத்ததா, இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தனவா? இந்த ஆய்வு மட்டும் அதற்கு விடை தராது. ஆயினும் 2013 இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் நடந்த ஒரு பரிசோதனை சிந்திக்க வைக்கின்றது. இரட்டைச் சகோதரிகளுள் ஒருவர் பருமனானவர், மற்றவர் மெலிந்தவர். இத்தகையோரின் குடற் பற்றீரியாக்களைக் கிருமியற்ற சுண்டெலிகளுக்குச் செலுத்தினர். பருமனானவரின் பற்றீரியாவைப் பெற்றவை ஒரே தீனியில் கூடுதலாகக் கொழுத்தன. இரு வகை எலிகளையும் ஒரே கூட்டில் விட்டபோது, மெலிந்தவரின் பற்றீரியா மற்றதற்கும் பரவிக் கொழுப்பைத் தடுத்தது. ஆனால் கொழுப்புக் குறைந்த, நார் மிகுந்த தீனி கொடுத்தபோது மட்டுமே அது நிகழ்ந்தது. நல்ல விதை இருந்தாலும் நிலம் பண்பட்டிருக்க வேண்டுமல்லவா?

ஆகவே, உடல் பருத்தவரையோ நீரிழிவு வந்தவரையோ பெருந்தீனிக்காரர், சோம்பேறி என்று பழிப்பதை நாம் நிறுத்துவோம். தோட்டத்தை இழந்து, கோதுமை மாவையும் வெள்ளை அரிசியையும் சீனியையும் நம்பி வாழ நேர்ந்தவரின் உடல் அந்த வாழ்வின் சுவடுகளையும் சுமக்கின்றது.

நாம் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. கொட்டிலின் ஓரத்தில் ஒரு முருங்கைத் தடி நடுவோம். கழுவும் நீர் ஓடுமிடத்தில் பொன்னாங்காணி வளர்ப்போம். வாரத்தில் சில நேரமாவது குரக்கன், பயறு, கௌபி சமைப்போம். பழக்கமில்லாத வயிறு ஊதும். ஆகையால் சிறிது சிறிதாகக் கூட்டுவோம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் இதை நம்பி மருந்தை நிறுத்தலாகாது.

காணி எப்போது கிடைக்கும் என்பது எமது கையில் இல்லை. ஆனால் பிள்ளையின் கோப்பையில் ஒரு பிடி கீரை வைப்பது பெரும்பாலும் எம்மால் இயலும்.