குறைமாதக் குழந்தையை எந்த அளவுகோலால் அளப்பது?

1,000 கிராம் எடையுடன் ஒரு குழந்தை பிறக்கிறது. 27ஆவது வாரமெனில் அந்த எடை இயல்பானதே. 32ஆவது வாரமெனில் கருவிலேயே வளர்ச்சி தடைபட்டிருக்கிறது. ஆகவே கருவின் வயதே முதற்கேள்வி. அதனைத் திருத்தமாகச் சொல்வது முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கும் ஸ்கேன். தரமணியின் மென்பொருள் வளாகங்களில் துப்புரவு செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கோ அந்த ஸ்கேன் ஒரு நாள் கூலியின் இழப்பு. அது தவறினால் வயது ஊகமாகிறது. குழந்தையின் மதிப்பீடும் பிழைபடுகிறது.

‘இவர்கள் உடல்வாகே சிறியது’ என்னும் பேச்சை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். 2014இல் வெளியான இன்டர்குரோத்-21 ஆய்வு அதற்கு இடந்தரவில்லை. இந்தியாவின் நாக்பூர் உட்பட எட்டு நாடுகளில், ஊட்டமும் மருத்துவக் கவனிப்பும் பெற்ற தாய்மாரின் கருக்களுடைய தலைச்சுற்றளவும் பிறந்த குழந்தைகளின் நீளமும் பெரிதும் ஒத்திருந்தன. அத்தாய்மார் வசதியான குடும்பத்தினர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வாய்ப்புக் கிடைத்தால் வளர்ச்சி ஒத்துவருகிறது என்பதே நம் வாதம்.

33 வாரத்துக்கு முன் பிறப்போருக்கான வரைபடம் 2016இல் வந்தது. வீடு திரும்பிய பிறகு, முந்திப் பிறந்த வாரங்களைக் கழித்தே வயதைக் கணக்கிட வேண்டும்: எட்டு வாரம் முந்திப் பிறந்த குழந்தையின் நான்காம் மாத எடையை இரண்டு மாதக் குழந்தையின் எடையோடு ஒப்பிட வேண்டும். அங்கன்வாடியில் எடை பார்க்கும்போது, பிறந்த வாரத்தையும் எழுதிக்கொள்ளுமாறு பெற்றோர் கேட்கலாம்.