அப்ப மாவும் பியர்ப் பானையும்: நொதித்தல் எப்படி இயங்குகிறது?

சாவகச்சேரிப் பக்கம் அப்பத்துக்கு மா கரைக்கத் தெரிந்த எவருக்கும், பியர் எப்படி உருவாகிறது என்பதில் முக்கால்வாசி ஏற்கெனவே தெரியும். பச்சையரிசியை இடித்து அரித்தபின் மிஞ்சும் கப்பியைக் கஞ்சியாகக் காய்ச்சுகிறார்கள். அதை நன்றாக ஆறவிட்டு மாவோடு சேர்த்து, கொஞ்சம் சீனி போட்டு, கள்ளு விட்டுக் குழைத்து மூடிவைக்கிறார்கள். விடியும்போது மா பொங்கி நிற்கும். இந்த வேலையின் ஒவ்வொரு படிக்கும் பியர்ப் பானையில் ஒரு சோடி உண்டு.

முதலில் கப்பி. அரிசியிலுள்ள மாப்பொருள் இறுகிய மணிகளாகக் கிடப்பது. கள்ளிலுள்ள மதுவத்தால் அதை அப்படியே தின்ன முடியாது. தண்ணீரும் சூடும் சேர்ந்தால் மணிகள் ஊதிப் பிளந்து கூழாகும். அதன் பிறகுதான் நொதியங்கள் அந்த நீண்ட சங்கிலிகளை வெட்டிச் சீனியாக்க முடியும். அரிசி மாவில் அந்த நொதியங்கள் மிகக் குறைவு. நாம் ஒரு கரண்டி சீனி போடுவது அதனால்தான். பியர்க்காரர் சீனிக்குப் பதில் முளைவிட்டு உலர்த்திய பார்லியை எடுக்கிறார். முளைக்கும் தானியம் தன் மாப்பொருளைத் தானே கரைத்துக்கொள்ள அமிலேசு நொதியங்களை உண்டாக்கிக்கொள்கிறது. இடித்த பார்லியை 65 பாகை செல்சியசுக்கு அண்மையில் சுமார் ஒரு மணித்தியாலம் வெந்நீரில் வைத்திருந்தால் மாப்பொருள் சீனியாகிவிடும். சூடு 62 பாகைப் பக்கம் நின்றால் மதுவம் முழுதாகத் தின்னக்கூடிய சீனி கூடுதலாகக் கிடைக்கும். பியர் மெலிதாக வரும். 70 பாகையை நெருங்கினால் மதுவம் தின்னாத நீண்ட துண்டுகள் மிஞ்சி, பியர் நாக்கில் கனமாக நிற்கும். ஆக, ஏழெட்டுப் பாகை வித்தியாசத்தில் பானமே வேறாகிவிடுகிறது. வீட்டில் பியர் காய்ச்சுபவர்கள் சோல்டரிங் கோலை எடுத்துத் தாமே வெப்பக் கருவி செய்வதற்கு இந்த ஏழெட்டுப் பாகையும் ஒரு காரணம்.

அடுத்தது ஆறவிடுவது. கொதிக்கும் கப்பியோடு கள்ளைச் சேர்த்தால் மா பொங்காது. 60 பாகை வெப்பத்தில் மதுவம் செத்துவிடும். பியரிலும் அப்படியே. ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்த சாற்றை விரைவாகக் குளிர்த்திய பிறகே மதுவம் சேர்ப்பார்கள். ஹொப்ஸ் கசப்புக்கு மட்டும் அல்ல, வேண்டாத பல பக்றீரியாக்களை அது தடுத்தும் வைக்கிறது.

பிறகு கள்ளு. நாம் மாவில் விடுவது உயிருள்ள மதுவத்தை. அது ஒரு குளுக்கோசு மூலக்கூறை இரண்டு மதுசார மூலக்கூறுகளாகவும் இரண்டு காபனீரொட்சைட்டு மூலக்கூறுகளாகவும் உடைக்கிறது. 100 கிராம் குளுக்கோசிலிருந்து கணக்குப்படி ஏறத்தாழ 51 கிராம் மதுசாரமும் 49 கிராம் வாயுவும் வரவேண்டும். அப்பத்தில் நமக்கு வேண்டியது வாயு. மதுசாரம் தாச்சியில் ஆவியாகிப் போகும். பியரில் இரண்டுமே வேண்டும். மாவில் வரும் மெல்லிய புளிப்பு மதுவத்தின் வேலை அல்ல. கள்ளோடு கூடவந்த இலற்றிக்கமில பக்றீரியாவின் வேலை அது.

கடைசியாக இரவு. மாரி இரவில் மா பொங்கப் பிந்தும். சித்திரை வெக்கையில் விடியுமுன்பே புளித்துப்போகும். என் பார்வையில் நொதித்தலின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. வழக்கமான ஏல் வகை மதுவம் 18 முதல் 22 பாகை வரை நன்றாக வேலை செய்யும். லாகர் மதுவத்துக்கு 8 முதல் 13 பாகை வேண்டும். தென்மராட்சியில் நிழலிலேயே 30 பாகை. அந்தச் சூட்டில் ஏல் மதுவம் சீனியை அவசரமாகத் தின்று, வாழைப்பழ வாசனையையும் கனத்த மதுசாரங்களையும் விட்டுச் செல்லும். இலங்கையின் பெயர்பெற்ற பியர் ஆலை 1881இல் நுவரெலியாவில் தொடங்கியதற்கு மலைக்குளிர் பெரிய காரணம்.

மலை இல்லாத இடத்தில் குளிரை ஆளவேண்டும். அங்கேதான் சின்ன இலத்திரனியல் வந்து சேர்கிறது. ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி, டி.எஸ். 18பி20 என்ற வெப்ப உணரி ஒன்று, அதன் தரவுக் கம்பிக்கு 4.7 கிலோ ஓம் தடையி ஒன்று, ஆர்டுயினோ அல்லது இ.எஸ்.பி. 8266 பலகை ஒன்று, மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே ஒன்று: இவ்வளவு போதும். நெதர்லாந்துக்காரர் எல்கோ ஜேக்கப்ஸ் தொடங்கிய ப்ரூபை என்ற வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இப்படித்தான் பழைய பெட்டிகளை நொதிக்கும் அறைகளாக மாற்றியது. உணரி அரை பாகைப் பிழைக்குள் சொல்லும். 20 பாகை வேண்டுமென்றால் 20.5இல் பெட்டியை ஓடவிட்டு 19.5இல் நிறுத்தவேண்டும். ஒரே எண்ணில் திறந்து மூடினால் கம்பிரசர் ஓயாமல் துடித்துப் பழுதாகும். ஒருமுறை நின்றால் சில நிமிடமாவது ஓய்வு கொடுக்கவேண்டும். உணரியைக் காற்றில் தொங்கவிடுவதும் சரியல்ல. மதுவம் வேலை செய்யும்போது தானே வெப்பம் விடுவதால் பானையின் நடு, சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை சூடாக இருக்கும். உணரி பானத்துக்குள் இருக்கவேண்டும், அல்லது பாத்திரச் சுவரோடு ஒட்டிக் காற்றுப் படாமல் மூடப்பட்டிருக்கவேண்டும்.

வெப்பத்துக்கு அடுத்தது சாரடர்த்தி. சீனி கரைந்த நீர் கனமானது. சீனி மதுசாரமாக மாற மாற அது இலேசாகும். 1.048இல் தொடங்கி 1.010இல் நின்றால், வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்க ஏறத்தாழ 5 வீத மதுசாரம் என்று வரும். ஐஸ்பிண்டல் என்ற திறந்த வடிவமைப்பு இதை வெகு அழகாகச் செய்கிறது. மூடிய குழாய் ஒன்றுக்குள் ஒரு பற்றரியும் எம்.பி.யு. 6050 என்ற சாய்வு உணரியும் வைத்து மிதக்கவிடுகிறார்கள். சீனி கூடிய சாற்றில் அது சரிந்து கிடக்கும். சீனி குறையக் குறைய நிமிரும். சாய்வுக் கோணத்தை உள்ளேயுள்ள பலகை வைஃபை வழியே அனுப்பும். அளவுசெய்ய அடுக்களையில் சீனியும் தராசும் இருந்தால் போதும். சாரடர்த்தியை நீரமானியால் அளப்பவருக்கு யாழ்ப்பாண வெக்கையில் ஒரு திருத்தம் கட்டாயம். 20 பாகைக்கு அளவுசெய்த நீரமானி 30 பாகையில் ஏறத்தாழ 0.0025 குறைத்துக் காட்டும்.

இனிப் பனைக்கு வருவோம். பார்லிக்காரர் ஒரு மணித்தியாலம் வெந்நீரில் செய்ததைப் பனை பாளைக்குள்ளேயே முடித்துவிட்டது. பாளையில் வடியும் சாற்றில் மாப்பொருள் இல்லை, நேரே சுக்குரோசுதான். மதுவத்தின் இன்வெர்ட்டேசு நொதியம் அதைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிளக்க, வேலை பாளையில் கட்டிய முட்டிக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. மதுவத்தை யாரும் தனியாக விடுவதில்லை. பழைய முட்டியின் சுவரிலும் காற்றிலும் பூச்சிகளின் காலிலும் அது இருக்கிறது. சீவல் தொழிலாளர் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் சாறு காரமாகி, மதுவமும் பக்றீரியாவும் அடங்கிவிடும். அப்போது கிடைப்பது கருப்பணி. அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு எவ்வளவு, எந்த நேரத்தில் இறக்குவது, முட்டியை எப்போது கழுவுவது என்ற தீர்மானங்கள் எல்லாமே நொதித்தலைக் கட்டுப்படுத்தும் தொழில்நுட்பம். அதைச் செய்பவர்களை நம் சமூகம் நெடுங்காலம் சாதியின் பெயரால் தாழ்த்தி வைத்திருந்தது. அந்த அறிவு எழுதப்படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வீட்டில் இதைச் செய்து பார்க்க விரும்புபவருக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி, இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் ஆக்குவது குற்றம். பிரித்தானியாவிலும் கனடாவிலும் நோர்வேயிலும் சொந்தப் பாவனைக்குப் பியர் காய்ச்சலாம். அங்குள்ள நம்மவர்களுக்கு இந்தக் கருவிகள் நேரடியாக உதவும். இங்கே அவற்றுக்குப் பொருத்தமான இடம் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களும், கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவனமும்தான். அடுக்களையில் இருப்பவருக்கு அப்ப மாவே போதிய ஆய்வுகூடம். அதே உணரியை மாச்சட்டிக்குள் விட்டுப் பார்த்தால் எந்த இரவில் எத்தனை மணிக்குப் பொங்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம்.

பரிசோதனைச் செய்முறைகளில் என்னை மிகவும் கவர்வது, குளிரைத் தேடாமல் வெக்கையை ஏற்றுக்கொள்ளும் வழி. மேற்கு நோர்வேயின் பண்ணைகளில் தலைமுறைகளாகக் காக்கப்பட்ட குவைக் மதுவம் 30 முதல் 40 பாகையிலும் சுத்தமான பியர் தரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பாலகுமாரும் வசந்தி அரசரத்தினமும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளூரில் பிரித்தெடுத்து மேம்படுத்திய எஸ் 1 என்ற மதுவம் 40, 43, 45 பாகையிலும் மதுசாரம் ஆக்கியது. நம் மண்ணின் மதுவம் இப்படி உழைக்கும்போது, குளிர்சாதனப் பெட்டிக்கு மின்கட்டணம் கட்டித்தான் ஆகவேண்டுமா?

பியரின் சுவைக்குப் பனங்கட்டி சேர்க்கலாம். லீற்றருக்கு 10 கிராம் சேர்த்தால் சாரடர்த்தி 0.004க்குச் சற்றுக் குறைவாக ஏறும். அதன் சீனி முழுதாக நொதித்துவிடுவதால் மொத்தச் சீனியில் பத்திலொரு பங்குக்கு மேல் போனால் பியர் தண்ணீராய்த் தோன்றக்கூடும். சுண்ணாம்பின் காரம் மிஞ்சியிருக்கக்கூடும் என்பதால் பார்லி ஊறும்போது போடாமல், கொதியின் கடைசியில் போடுவது நல்லது. பனம்பழக் களியின் கசப்புக்குக் காரணமான பிளபெல்லிபெரினை ஹொப்ஸின் இடத்தில் முயன்று பார்க்க எனக்கு ஆசை உண்டு.

கள்ளுக்கு இந்தக் கருவிகளை வைக்கும் கூட்டுறவுச் சங்கம் இரண்டு விடயங்களை மாற்றவேண்டும். ஐஸ்பிண்டல் வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும். பியர் நாட்கணக்கில் நொதிப்பதால் அது போதும். கள்ளு மணிக்கணக்கில் மாறுவது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு வேண்டும். இன்னொன்று, சாரடர்த்தி புளிப்பைக் காட்டாது. மதுசாரம் உருவானபின் காற்றுப் பட்டால் அசற்றிக்கமில பக்றீரியா அதை வினாகிரியாக்கும். அதைப் பிடிக்க பி.எச். உணரி தேவை.

போத்தலில் அடைக்கும்போது இந்த அளவுகளுக்கு நேரடியான பயன் உண்டு. லீற்றருக்கு 4 கிராம் சீனி நொதித்தால் பானத்தின் கனவளவுக்குச் சமமான வாயு வரும். பியரில் சாதாரணமாக இருப்பது அதில் இரண்டரை மடங்கு. 1.010இல் நிற்கும் கள்ளை உயிருள்ள மதுவத்தோடு அடைத்தால், லீற்றருக்கு மிச்சமிருக்கும் 25 கிராமளவு சீனி ஆறு மடங்கு வாயுவைத் தரும். கண்ணாடி அதைத் தாங்காது. போத்தல் கள்ளைச் சூடாக்கி மதுவத்தைக் கொல்வது இதற்காகத்தான்.