ஒன்பதாவது மீசான் ஏன் இத்தனை கனம்?

1970களின் நடுவில் துகள் இயற்பியலில் ஒரு கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. குவார்க்குகளைப் பிணைக்கும் வலுவிசைக் கோட்பாட்டின்படி இலேசான மீசான்கள் ஒன்பது இருக்க வேண்டும். பையான், கேயான், ஈட்டா ஆகியவற்றின் வகைகளாக எட்டு தேறின. ஒன்பதாவது இடத்துக்கு உரிய ஈட்டா பிரைமின் நிறையோ 958 எம்இவி (மெகா எலக்ட்ரான் வோல்ட்). புரோட்டானே 938தான். பையான் நிறையின் √3 மடங்குக்குள், அதாவது சுமார் 240 எம்இவிக்குள், இன்னொரு துகள் இருந்தாக வேண்டும் என்று ஸ்டீவன் வைன்பெர்க் 1975இல் காட்டினார். அப்படி ஒன்று இல்லை.

விடைக்கான கருவியும் அதே ஆண்டில் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்தது. பெலாவின், பொல்யகோவ், ஷ்வார்ட்ஸ், டியுப்கின் ஆகிய நால்வர் வலுவிசைக்கு அடிப்படையான யாங்–மில்ஸ் சமன்பாடுகளுக்கு ஒரு புதுத் தீர்வு கண்டார்கள். அதுதான் இன்ஸ்டன்டான்.

அந்தச் சமன்பாடுகள் விவரிக்கும் கேஜ் புலத்தில் ஆற்றல் பூச்சியமாக உள்ள நிலை, அதாவது வெற்றிடம், ஒன்றல்ல, பல. தூணில் சுற்றி இரு முனையும் முடிந்த கயிறு மாதிரி: இழுக்கலாம், நெளிக்கலாம், ஆனால் முடிச்சை அவிழ்க்காமல் சுற்றின் எண்ணிக்கையை மாற்ற முடியாது. அந்த எண்ணிக்கை எப்போதும் முழு எண். அரைச் சுற்று என்ற பேச்சே இல்லை. இப்படி வெவ்வேறு எண் கொண்ட இரு வெற்றிடங்களுக்கு நடுவே ஓர் ஆற்றல் மேடு நிற்கிறது. பழைய இயற்பியலில் அதைக் கடக்க வழியில்லை. குவாண்டம் விதிகளின்படி புலம் மேட்டைத் துளைத்து மறுபக்கம் போகலாம். காலத்தையும் நான்காவது வெளித் திசையாக மாற்றி எழுதினால் அந்தத் துளைப்பின் பாதை கணக்கில் பளிச்சென்று தெரிகிறது. அந்தப் பாதையே இன்ஸ்டன்டான்.

துளைப்பின் வாய்ப்பு விசையின் வலிமை குறையக் குறைய அதிவேகமாகத் தேய்கிறது. எந்த அடுக்குத் தொடரிலும் அது சிக்காது. அத்தொடரின் உறுப்புகளைக் குறிக்கும் ஃபைன்மன் வரைபடங்களை எத்தனை வரைந்து கூட்டினாலும் இன்ஸ்டன்டான் கண்ணில் படாதது இதனால்தான்.

1976இல் ஜெரார்ட் டி ஹூஃப்ட் இந்தத் துளைப்பை மீசான் புதிருடன் இணைத்தார். ஒவ்வொரு துளைப்பின்போதும் ஒவ்வொரு வகைக் குவார்க்கிலும் ஒன்று இடக்கைச் சுழற்சியிலிருந்து வலக்கைச் சுழற்சிக்கு மாறுகிறது. ஆகவே இவ்விரு வகையின் எண்ணிக்கையையும் தனித்தனியே காத்து, ஒன்பதாவது மீசானை இலேசாக வைத்திருக்க வேண்டிய சமச்சீர்மை குவாண்டம் உலகில் இல்லவே இல்லை.

இதோடு எல்லாம் விளங்கிவிட்டது என்று எழுதுபவர்கள் ஒரு சங்கடத்தை விட்டுவிடுகிறார்கள். இன்ஸ்டன்டான் எந்த அளவிலும் இருக்கலாம். பெரியவற்றில் விசை வலுத்து, தோராயக் கணக்கு நொறுங்கிப்போகிறது. அதனால் 958 என்ற எண் காகிதத்தில் வராது. வெளியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கும் பெருங்கணினிகள்தான் அதன் பக்கத்தில் வருகின்றன.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. பல வெற்றிடங்கள் கலக்கும்போது தீட்டா என்றொரு கோணம் கோட்பாட்டுக்குள் நுழைகிறது. அது பூச்சியமாக இல்லாவிட்டால் நியூட்ரானில் மின் இருமுனை தெரிய வேண்டும். சோதனைகளின்படி அந்தக் கோணம் ஏறக்குறைய ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழ். ஏன் இவ்வளவு சிறியது என்பதற்கு பெச்சேயும் குவினும் 1977இல் ஒரு வழி சொன்னார்கள். அவர்கள் வழி சரியானால் ஆக்ஸியான் என்ற துகள் இருந்தாக வேண்டும். அதைத்தான் காந்தங்களும் நுண்ணலைப் பெட்டிகளும் வைத்து இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.