ஸ்பெயின் தேசத்து எபிரேயக் கவிகள்

தாயின் மடியில் குழந்தை கேட்டு மழலை பேசும் வரையில்தான் ஒரு மொழி உயிரோடிருக்கிறது என்றும், அந்த நிலை போனபின் அது ஏட்டோடு நின்றுவிடுகிறது என்றும் பொதுவாக நாம் கருதுகிறோம். ஆனால் கி.பி. 10-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்காலம், முஸ்லிம் மன்னர்கள் ஆண்ட ஸ்பெயினில் வாழ்ந்த யூதப் புலவர்கள், வீட்டிலும் கடைவீதியிலும் அரபு பேசி, வைத்தியத்தையும் தத்துவத்தையும் அரபிலேயே எழுதிக்கொண்டு, கவிதை என்று வந்தபோது மட்டும், பேச்சு வழக்கிலிருந்து நீங்கிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்ட எபிரேயத்தையே நாடி, அதிலே காதலையும் போரையும், மதுவையும் மரணத்தையும், தெய்வ பக்தியையும் பாடிய சரித்திரத்தை அறிந்தவர்கள் அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த மறுமலர்ச்சி கோர்டோபா நகரத்தில், கலீபா மூன்றாம் அப்துல் ரஹ்மானின் அரண்மனையில் வைத்தியராகவும் ராஜதந்திரியாகவும் விளங்கிய ஹஸ்தாய் இப்னு ஷப்ருத் என்னும் யூதப் பிரபுவின் ஆதரவில் தொடங்கியது. அவரை அண்டி வாழ்ந்த மெனஹேம் பென் சரூக், வேத நூலின் சொற்களையெல்லாம் தொகுத்து எபிரேயத்துக்கு ஓர் அகராதி இயற்றினார். பெஸ் நகரத்தில் பிறந்து, பாக்தாதில் கல்வி பயின்று, கோர்டோபாவுக்கு வந்து சேர்ந்த துனாஷ் பென் லப்ராத் என்னும் இளைஞர் அந்த அகராதியின் பிழைகளைக் கடுமையாகக் கண்டித்தார். பிரபுவின் அபிமானமும் மெனஹேமை விட்டு நீங்கியது. அவர் அடியுண்டு சிறையில் வாடினார்.

துனாஷ் கொண்டுவந்த பெரிய புதுமை யாப்பைப் பற்றியது. அரபுச் செய்யுள் குறிலும் நெடிலும் சேரும் அளவைக் கணக்கிட்டு அமைவது; எபிரேயத்திலோ அந்த வேற்றுமை செய்யுளுக்கு உதவும் வகையில் இல்லை. ஆகவே அவர், அம்மொழியில் முழு உயிராக ஒலிக்காத ஒரு சிற்றொலியைக் குறிலின் ஸ்தானத்தில் வைத்து, அதனோடு முழு உயிர் சேர்ந்து வருவது ஓர் அசை, முழு உயிர் தனித்து நிற்பது மற்றோர் அசை என, நம்முடைய நிரையசை நேரசைகளைப் போல இரண்டாக வகுத்து, அவற்றை அடுக்கி அடிகளை அமைத்தார். அந்நிய ஓசை எபிரேயத்தின் இயல்பைக் கெடுத்துவிடும் என்று மெனஹேமின் மாணவர்கள் வாதாடினார்கள். ஆயினும் அடுத்த தலைமுறைக் கவிகள் துனாஷின் வழியையே பின்பற்றினார்கள். கற்றோரின் பூசலிலிருந்து மொழிக்கு லாபமே விளைந்தது. எபிரேய வினைச்சொற்கள் யாவும் மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைப்பவை என்பதை நிறுவி இலக்கணத்துக்கு உறுதியான அஸ்திவாரம் இட்ட யெஹூதா ஹய்யூஜும் இந்தக் கோர்டோபாவில் வாழ்ந்தவரே.

துனாஷின் மனைவியின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவள் பாடிய ஒரே பாட்டு கிடைத்திருக்கிறது. கணவன் தேசத்தை விட்டுப் புறப்படுகிறான்; கையிலே குழந்தையுடன் நிற்கும் மனைவியும் அவனும் நினைவுக்காக மோதிரமும் காப்பும் மேலாடையும் மாற்றிக்கொள்கிறார்கள். அந்தப் புலவர் கூட்டத்தில் ஒரு பெண்ணின் குரலாக நமக்கு எட்டியது இதுதான். கண்ணீரை அடக்கிக்கொண்டு பேசும் அதன் சுருக்கத்தில் அவளுடைய கணவனின் கவிதைகளிலும் காணாத உயர்வு இருக்கிறது.

பின்வந்தவர்களில் சாமுவேல் ஹநகீத் (993–1056) கிரானடா ராஜ்யத்தின் பிரதம மந்திரி. 1038 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் சைன்யத்தோடு போர்க்களம் சென்று, அங்கே கண்டவற்றை எபிரேயத்தில் பாடியவர். வெற்றியைப் பாடிய அதே நாவால் தம் சகோதரர் ஈசாக்கின் மரணத்துக்காக அவர் வரிசையாக இயற்றிய இரங்கற்பாக்கள், துயரம் நாளடைவில் மாறிச்செல்லும் விதத்தை நிழல்போல் தொடர்ந்து செல்கின்றன.

மலாகாவில் பிறந்து சரகோசாவில் வளர்ந்த சாலமோன் இப்னு கபிரோல் நோயும் தனிமையும் வாட்ட, நாற்பது வயதுகூட நிரம்பாமல் மறைந்தவர். அவருடைய 'அரச கிரீடம்' என்னும் நீண்ட பாடலை யூதர்கள் பாவமன்னிப்பு நோன்பு நாளில் இன்றும் ஓதுகிறார்கள். அவர் அரபில் எழுதிய 'ஜீவ ஊற்று' என்னும் தத்துவ நூலோ லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 'அவிசெப்ரோன்' என்ற பெயரால் கிறிஸ்தவ மடங்களிலே பயிலப்பட்டது. புனித தாமஸ் அக்குவினாஸ் அதனோடு வாதிட்டார். அந்த அவிசெப்ரோன் யூதக் கவி இப்னு கபிரோலே என்பதை, பாரிஸ் நூலகத்தில் இருந்த எபிரேயச் சுருக்கம் ஒன்றை லத்தீன் நூலோடு ஒப்பிட்டு, 1846-இல் சாலமோன் முங்க் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார்.

ஆனால் மக்கள் மனத்தில் முதலிடம் பெற்றவர் யெஹூதா ஹலேவி. வைத்தியத் தொழில் செய்துவந்த இவர் எருசலேமை நினைத்து உருகிப் பாடிய பாடல்கள் எட்டு நூற்றாண்டுகளைக் கடந்து ஓதப்படுகின்றன. சில எபிரேயப் பாடல்களின் கடைசி அடிகளை அக்காலத்து ஸ்பானியப் பேச்சுமொழியில் முடித்திருக்கிறார். இத்தகைய அடிகளை 1948-இல் சாமுவேல் ஸ்டெர்ன் வெளியிட்டபோது, ஸ்பானியக் கவிதையின் மிகப் பழைய சுவடுகள் எபிரேய எழுத்துக்களிடையே கிடந்தன என்பது தெரியவந்தது. ஹலேவி தம் கையாலே எழுதிய கடிதங்களும் சில நமக்குக் கிட்டியுள்ளன. சிறைப்பட்ட பெண் ஒருத்தியை மீட்பதற்காகப் பணம் திரட்டுவதைப் பற்றி, தம் நண்பரான ஹல்போன் பென் நெத்தானேலுக்கு அவற்றில் எழுதுகிறார். இந்த ஹல்போன் எகிப்திலிருந்து இந்தியாவோடு வாணிகம் செய்த பெருவணிகர் என்பதை அறியும்போது, கவிதையும் கப்பலும் ஒரே உலகில் இயங்கியது நமக்குப் புலனாகிறது. 1140-இல் ஹலேவி, பாடலில் சொன்னதைச் செய்கையில் காட்டத் துணிந்து, ஸ்பெயினை விட்டு அலெக்ஸாந்திரியாவுக்கு வந்து, 1141 மே மாதம் புனித பூமியை நோக்கிக் கப்பலேறினார்; அவ்வாண்டு முடிவதற்குள் எழுதப்பட்ட கடிதங்கள் அவரை மறைந்தவராகவே குறிப்பிடுகின்றன.

அவருடைய நண்பர் ஆபிரகாம் இப்னு எஸ்ரா மேற்கே வேறொரு கடமையைச் செய்தார். ரோமாபுரி முதல் லண்டன் வரை ஊர் ஊராகத் திரிந்து, அரபு அறியாத யூதர்களுக்காக இலக்கணம், வேத வியாக்கியானம், கணிதம் ஆகியவற்றை எபிரேயத்தில் எழுதினார். இந்தியர் கண்ட தசம ஸ்தான முறையை, எபிரேயத்தின் முதல் ஒன்பது எழுத்துக்களையும் சூனியத்துக்கு ஒரு வட்டத்தையும் கொண்டு விளக்கினார். கிரானடாவில் பிறந்து தெற்குப் பிரான்ஸில் குடியேறிய யெஹூதா இப்னு திப்பன், ஹலேவியின் 'குசாரி' முதலிய அரபு கிரந்தங்களைப் பெயர்த்து, தத்துவம் பேசுவதற்கு எபிரேயத்தில் இல்லாத சொற்களைப் புதிதாக ஆக்கினார்.

இவற்றில் பெரும்பகுதியை நாம் இன்று அறிந்திருப்பதற்குப் பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெபாலயம் முக்கிய காரணம். இறைவன் பெயர் எழுதிய தாளை எறியலாகாது என்ற வழக்கத்தால், அங்கே ஓர் அறையில் நூற்றாண்டுக் கணக்கில் குவிந்த ஏடுகளை, 1896-97-இல் சாலமோன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். ஏறத்தாழ 1,90,000 துண்டுகள். துனாஷின் மனைவி பாடியதும் ஹலேவியின் கையெழுத்தும் அந்தக் குவியலில் இருந்தே வெளிப்பட்டன.

பேசும் மக்கள் இல்லாதபோதும் எபிரேயம் வாழ்ந்ததற்குக் கவிகளின் மேதை மட்டும் காரணமன்று. அகராதி தொகுத்து அடியுண்டவர், வேர்ச்சொல்லை ஆராய்ந்தவர், பொருள் கொடுத்துப் புரந்தவர், ஊர் ஊராகச் சென்று பாடம் சொன்னவர், பெயர்த்தெழுதச் சொல்லாக்கியவர் ஆகிய இத்தனை பேருடைய உழைப்பின்மீதுதான் அந்தக் கவிதை நின்றது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எலியேசர் பென் யெஹூதா முதலானோர் எபிரேயத்தை மீண்டும் வீட்டுமொழியாக்க முனைந்தபோது, வேத காலத்துச் சொற்களோடு, இந்த இடைக்காலத்தார் ஈட்டிவைத்த சொற்செல்வமும் அவர்களுக்குக் கைகொடுத்தது. அன்புடையவர்கள் ஒரு மொழிக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கும் வரையில் அது மடிவதில்லை என்பதற்கு ஸ்பெயின் தேசத்து எபிரேயக் கவிகளைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை.