போலீசுக்கு ஆபத்து வந்தால் நாம் என்ன செய்வது?

நிக்டியில் எங்கள் மாலை வகுப்பு ஓட்டா ஸ்கீம் பகுதியில் நடக்கும். ஒரு நாள் வகுப்புக்கு வந்த அண்ணன் ஒருவர் நோட்டைத் திறக்கவில்லை. முகம் வாடி இருந்தது.

"தம்பி, நேற்று ராத்திரி இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்தேன். ரோட்டில் ஒரு போலீஸ்காரரை மூன்று பேர் வளைத்துக்கொண்டார்கள். ஒருவன் கையில் கொய்த்தா. நான் பயந்து நின்றுவிட்டேன். நல்ல வேளை, ஒரு லாரி வந்தது. அவர்கள் ஓடிவிட்டார்கள். என்னிடமும் ஓர் ஆயுதம் இருந்திருந்தால் அவரைக் காப்பாற்றப் போயிருப்பேன். இனிமேல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

கொய்த்தா என்றால் நம் ஊர் அரிவாள்தான்.

அன்று எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதை இங்கே எழுதுகிறேன்.

போலீசும் மனிதர்தான்

போலீஸ் என்றால் எப்போதும் கையில் துப்பாக்கி இருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பலர் கையில் தடி மட்டும்தான் இருக்கும்.

2008 நவம்பர் 26 இரவு மும்பையில் பயங்கரவாதிகள் தாக்கினார்கள். துக்காராம் ஓம்ப்ளே என்ற போலீஸ் அதிகாரி கையில் தடியோடு ஒரு துப்பாக்கிக்காரனைப் பிடித்துக்கொண்டார். குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கி இறந்தார். அதனால்தான் மற்ற போலீசார் அவனை உயிரோடு பிடிக்க முடிந்தது. 2009 இல் அவருக்கு அசோக சக்கர விருது வழங்கப்பட்டது.

உதவி செய்யச் சட்டம் சொல்கிறதா?

சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடப்பில் உள்ளன. அவற்றில் இந்த விதிகள் உள்ளன.

ஒன்று: குற்றவாளி தப்பி ஓடாமல் தடுக்கவோ, கலவரத்தை அடக்கவோ போலீஸ் நியாயமான உதவி கேட்டால் நாம் செய்ய வேண்டும். வேண்டுமென்றே மறுத்தால் தண்டனை உண்டு.

இரண்டு: நம் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. அடுத்தவர் உடம்பைக் காப்பாற்றவும் உரிமை உண்டு. அந்த அடுத்தவர் போலீஸ்காரராகவும் இருக்கலாம்.

ஆனால் இதற்கு எல்லை உண்டு. ஆபத்தைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் அடிக்கலாம். வெட்ட வருபவன் கையைத் தட்டிவிடலாம். அவன் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினால், துரத்திப் போய் அடிப்பது காப்பாற்றுவது ஆகாது. அது குற்றம்.

மூன்று: நம் கண் எதிரே பெரிய குற்றம் செய்தவனை நாமே பிடிக்கலாம். ஆனால் தாமதம் செய்யாமல், 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டி வைத்து அடிக்கக் கூடாது.

ஆயுதம் வைத்துக்கொள்ளலாமா?

துப்பாக்கிக்கு 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால் சிறைதான். "போலீசைக் காப்பாற்றத்தான் வாங்கினேன்" என்று சொன்னால் செல்லாது.

ஆபத்து நேரத்தில் கையில் கிடைத்த கம்பை எடுத்துத் தடுப்பது வேறு. ஆயுதத்தோடு ஊரைச் சுற்றுவது வேறு.

இன்னொன்றையும் யோசியுங்கள். இருட்டு நேரம். நாலு பேர் கையில் அரிவாள். ஐந்தாவதாக உங்கள் கையிலும் அரிவாள். உதவிக்கு ஓடி வரும் போலீசுக்கு யார் நல்லவர், யார் கெட்டவர் என்று எப்படித் தெரியும்?

மும்பையில் பிறந்த படை

அப்படியானால் மக்கள் போலீசுக்குத் துணை நிற்க வழியே இல்லையா? இருக்கிறது.

1946 இல் மும்பையில் மதக் கலவரம் நடந்தது. போலீஸ் மட்டும் போதவில்லை. அப்போது மொரார்ஜி தேசாய் மும்பை மாகாணத்தின் உள்துறை அமைச்சர். அந்த ஆண்டு டிசம்பரில் பொதுமக்களைச் சேர்த்து ஒரு படை தொடங்கினார்கள். அதுதான் ஹோம் கார்டு. தமிழில் ஊர்க்காவல் படை என்கிறோம். பிறகு அது நாடு முழுவதும் பரவியது.

இதில் சேருகிறவர்கள் வேறு தொழில் செய்யும் சாதாரண மக்கள். அவர்களுக்குப் பயிற்சி உண்டு. சீருடை உண்டு. பணிக்கு அழைக்கும்போது போலீசுக்கு உள்ள அதிகாரமும் பாதுகாப்பும் சட்டப்படி உண்டு. 2008 மும்பைத் தாக்குதலில் ரயில் நிலையத்தில் உயிர் கொடுத்தவர்களில் ஊர்க்காவல் படையைச் சேர்ந்த ஒருவரும் உண்டு.

மகாராஷ்டிராவில் இதில் சேர 10 ஆம் வகுப்புத் தேர்ச்சி கேட்கிறார்கள். பெண்களும் சேரலாம்.

சத்தீஸ்கர் சொல்லும் பாடம்

சத்தீஸ்கர் மாநிலத்தில் மாவோயிஸ்டுகளை எதிர்க்கப் பழங்குடி இளைஞர்களைச் சேர்த்தார்கள். அவர்களுக்குச் 'சிறப்புக் காவல் அலுவலர்' என்று பெயர். சுமார் 6,500 பேர். மாதம் 3,000 ரூபாய் கொடுத்தார்கள். துப்பாக்கியும் கொடுத்தார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்திருந்தாலே போதும் என்றார்கள். பலர் செத்தார்கள். இவர்களில் பலர் மீது, ஊர் மக்களுக்குக் கொடுமை செய்ததாகப் புகார் வந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2011 ஜூலை 5 அன்று தீர்ப்பு வந்தது. படிப்பும் பயிற்சியும் போதாத ஏழை இளைஞர்களை இப்படிச் சண்டைக்கு அனுப்புவது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று நீதிமன்றம் சொன்னது. துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கச் சொன்னது.

நண்பர்களே, எழுத்தறிவு குறைந்தவர் கையில்தான் முதலில் ஆயுதத்தைத் திணிக்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று அவரால் படித்துப் பார்க்க முடியாது. நாம் ஏன் படிக்கிறோம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாம் செய்யக் கூடியவை

1. உடனே 112 க்குப் போன் செய்யுங்கள். கட்டணம் இல்லை.

2. இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். "பக்தி சக்தி சவுக், மேம்பாலத்துக்குக் கீழே" என்பது போல. கடைப் பலகையைப் படித்துச் சொல்லலாம். இப்போது உங்களால் முடியும்.

3. தனியாகப் போகாதீர்கள். சத்தம் போட்டுப் பத்துப் பேரைக் கூட்டுங்கள். கூட்டத்தைக் கண்டால் பெரும்பாலும் ஓடிவிடுவார்கள்.

4. வண்டி எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.

5. காயம் பட்டிருந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். 108 க்குச் சொல்லுங்கள்.

6. பார்த்ததை உள்ளபடி சாட்சி சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதையெல்லாம் அந்த அண்ணனிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "லாரி டிரைவர் ஹாரன் அடித்தார், விளக்கைப் போட்டார். அவ்வளவுதான் செய்தார். அந்த உயிர் பிழைத்தது" என்றார்.

அன்று அவர் தம் நோட்டில் முதல் வரியாக 112 என்று எழுதினார். மறுநாள் அதைத் தம் வீட்டுக் கதவின் உள்பக்கமும் எழுதி வைத்தார். நீங்களும் எழுதி வையுங்கள்.

பேசிப் பாருங்கள்

உங்கள் தெருவில் ராத்திரி ஆபத்து என்றால் யார் யாரை எழுப்புவீர்கள்?

உங்கள் வீட்டுக்கு வழியை 112 இல் எப்படிச் சொல்வீர்கள்? நான்கு வரி எழுதுங்கள்.